வெறும் எம்.பி.பி.எஸ்.

ஊரிலிருந்து அம்மா போன் பண்ணினாள். மழை, மின்வெட்டு, யார் வீட்டில் கல்யாணம் என்ற வரிசையில்தான் வழக்கமாகப் பேச்சு ஆரம்பிக்கும். அன்றைக்கு எடுத்த எடுப்பில், "டாக்டரய்யா ஆஸ்பத்திரிய மூடுறாராம்டா. நம்ம நோட்டை வந்து வாங்கிக்கிட்டுப் போகச் சொல்லி ஆள் விட்டிருக்காரு" என்றாள்.

எந்த டாக்டர் என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் டாக்டர் என்றால் ஒருவர்தான். மற்றவர்களுக்கெல்லாம் அடைமொழி உண்டு. எலும்பு டாக்டர், கண் டாக்டர், பல் டாக்டர். இவர் மட்டும் வெறும் டாக்டர்.

பெண்ணாடம் தெரியாதவர்களுக்காக நாலு வரி. கடலூர் மாவட்டத்தின் மேற்கு ஓரம். விருத்தாசலத்திலிருந்து அரியலூர் போகிற ரயில் பாதையில் வரும் பேரூராட்சி. தூங்கானை மாடம் என்று பெயர் பெற்ற பழைய சிவன் கோயில் உண்டு. மெய்கண்டார் பிறந்த ஊர் என்று பெரியவர்கள் மார்தட்டுவார்கள். பக்கத்து இறையூரில் சர்க்கரை ஆலை. நான் பையனாக இருந்தபோது கரும்பு டிராக்டர் பின்னால் ஓடி ஒரு கழியை உருவுவதுதான் எங்களுக்குத் தெரிந்த ஒரே வீர விளையாட்டு. அப்படி உருவும்போது விழுந்து முட்டி பெயர்ந்தால் டாக்டரிடம் போவோம்.

கிளினிக் என்று நான் எழுதினாலும் ஊர்க்காரர்களுக்கு அது ஆஸ்பத்திரிதான். முன்பக்கம் இரண்டு பெஞ்ச், உள்ளே ஒரு மேஜை, திரைக்குப் பின்னால் பச்சை ரெக்ஸின் போட்ட கட்டில். ஒரு ஸ்டவ்வில் எப்போதும் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும். அதில் கண்ணாடி சிரிஞ்சும் ஊசியும் கடகடவென்று ஆடும். அந்தச் சத்தம் கேட்டாலே பாதிப் பையன்களுக்குக் காய்ச்சல் விட்டுவிடும். கம்பவுண்டர் பெரிய ஜாடியிலிருந்து சிவப்பு மிக்ஸரை ஊற்றித் தருவார். பாட்டிலை வீட்டிலிருந்து கழுவி எடுத்துக்கொண்டு போக வேண்டும். பாட்டிலின் பக்கவாட்டில், ரம்பம் மாதிரி வெட்டிய வெள்ளைத் தாளை ஒட்டித் தருவார். ஒரு பல் ஒரு வேளை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரிகிற அளவு. இதைக் கண்டுபிடித்தவர் யாரென்று தெரியவில்லை. அவருக்கு ஒரு கும்பிடு.

அங்கே எல்லாவற்றையும் விட முக்கியமான பொருள் ஒரு மர அலமாரி. அதில் நாற்பது பக்கம், எண்பது பக்கம் என்று பள்ளிக்கூட நோட்டுகள். ஆளுக்கு ஒன்று கிடையாது, குடும்பத்துக்கு ஒன்று. தீர்ந்தால் அடுத்த நோட்டைச் சேர்த்துத் தைத்துவிடுவார்கள். அகர வரிசையும் கிடையாது, தெரு வரிசை. நீங்கள் படியேறும்போதே கம்பவுண்டர் முகத்தைப் பார்த்து நோட்டை உருவி மேஜை மேல் வைத்துவிடுவார். அதில் தாத்தாவின் ஆஸ்துமா இருக்கும், அத்தையின் கருச்சிதைவு இருக்கும், எனக்கு எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது என்பதும் இருக்கும். உங்களுக்கும் இப்படி ஒருத்தர் இருந்திருப்பார். இல்லாவிட்டால் உங்கள் அப்பாவுக்கு இருந்திருப்பார்.

சரி, குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்த டாக்டரை நான் ஒரு தடவை மட்டமாகப் பேசியிருக்கிறேன்.

2016. அப்பாவுக்கு அறுபத்தெட்டு வயது. சர்க்கரை ஆலை எடை மேடையில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அடிக்கடி தலை கனக்கிறது என்றார். "டாக்டர்கிட்ட காட்டிட்டுதான் இருக்கேன், பிரஷருக்கு ஒரு மாத்திரை குடுத்திருக்காரு" என்றார். நான் சென்னையில் பத்திரிகைக்காரன். நாலு ஸ்பெஷலிஸ்ட்டுகளைப் பேட்டி எடுத்தவன் வேறு. "எவ்வளவு நாளைக்குப்பா அவர்கிட்டயே காட்டுவீங்க? அவர் வெறும் எம்.பி.பி.எஸ்.!" என்றேன். அப்பாவை ரயிலேற்றிக் கூட்டி வந்து ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினேன். பெயர் வேண்டாம், அவர்கள் மேல் தப்பும் கிடையாது.

பிரஷர் 180/100. இதய டாக்டர் பழைய மாத்திரையோடு இன்னொன்று சேர்த்தார். ராத்திரி நாலு தடவை எழுந்து போகிறார் என்றதும் சிறுநீரகப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே ப்ராஸ்டேட்டுக்குப் படுக்கும்போது போட ஒரு காப்ஸ்யூல். நான் உடனே மருந்துக் கடையில் ஏழு நாளுக்கும் தனித்தனி அறை வைத்த பிளாஸ்டிக் டப்பா வாங்கினேன். வேளா வேளைக்கு முன்னால் நின்று விழுங்க வைத்தேன். பொறுப்பான மகன்!

பத்தாவது நாள் விடியற்காலை மூன்று மணிக்கு பாத்ரூம் வாசலில் அப்பா விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. தலையில் அடிபடாதது எங்கள் அதிர்ஷ்டம்.

மாவுக்கட்டோடு ஊருக்கு வந்ததும் அவர் கேட்டது டாக்டரைத்தான். நான் கூடப் போனேன். ஃபைல், ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் ஒரு துணிப்பையில். டாக்டர் பையைத் திறக்கவே இல்லை. அப்பாவைக் கட்டிலில் படுக்க வைத்துப் பிரஷர் பார்த்தார். பிறகு எழுந்து நிற்கச் சொன்னார். மூன்று நிமிடம் கழித்து மறுபடியும் பார்த்தார்.

"படுத்தா 140. நின்னா 100" என்றார்.

அப்புறம் அப்பாவைப் பார்த்து, "இங்க இருக்கும்போது மாத்திரையை எத்தனை நாளைக்கு ஒண்ணு போட்டீங்க? உண்மையைச் சொல்லுங்க" என்றார். அப்பா மோட்டுவளையைப் பார்த்தார். "ஒருநாள் விட்டு ஒருநாள். சில வாரம் அதுவும் இல்ல."

"அதான் உங்களுக்கு 180" என்றார் டாக்டர். என் பக்கம் திரும்பினார். "அவங்க பார்த்தது மாத்திரை போடாத மனுஷனோட பிரஷரைத் தம்பி. அது அவங்களுக்கு எப்படித் தெரியும்? மருந்து பத்தலைன்னு இன்னொண்ணு சேர்த்தாங்க. நீ டப்பா வாங்கிப் பழசையும் புதுசையும் ஒழுங்கா போட வெச்ச. ராத்திரி போடற அந்தக் காப்ஸ்யூலுக்கு எழுந்து நின்னா பிரஷரை இறக்குற குணம் உண்டு. மூணும் சேர்ந்து ஆளைச் சாய்ச்சிருச்சு. யாரும் தப்பா எழுதலை. மூணு பேர் எழுதினதையும் ஒரே ஆள் உக்காந்து படிக்கலை, அவ்வளவுதான்."

ஒரு மாத்திரையை நிறுத்தினார். இன்னொன்றின் நேரத்தை மாற்றினார். ராத்திரி எழுந்தால் கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போகச் சொன்னார். எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டார். ஐம்பது ரூபாய் வாங்கினார். 2022-இல் அப்பா போய்ச் சேரும்வரை மறுபடி விழவில்லை. அந்தக் கடைசி நான்கு நாட்களில் நான் ஆம்புலன்ஸுக்குப் பேசிக்கொண்டிருந்தபோது, டாக்டர் வீட்டுக்கு வந்து அப்பாவின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "வேணாம்ப்பா, இங்கயே இருக்கட்டும். நான் காலையிலயும் சாயங்காலமும் வர்றேன்" என்றார். வந்தார். அதற்கு மேல் அந்த நான்கு நாட்களைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

நோட்டு வாங்க ஊருக்குப் போனபோது கிளினிக் வாசலில் கல்யாண வீடு மாதிரி கூட்டம். ஒவ்வொரு குடும்பமாக நோட்டை வாங்கிக்கொண்டிருந்தார்கள். டாக்டருக்கு எழுபத்தாறு முடிந்துவிட்டது. ஒரு கண்ணில் பார்வை மங்கல். மகன் கோயம்புத்தூரில் ரேடியாலஜிஸ்ட். மருமகளும் டாக்டர்தான். "அவன் இங்க வந்து எதைப் பார்ப்பான்? அவனுக்கு மனுஷனைக் கறுப்பு வெள்ளையிலதான் பார்க்கத் தெரியும்" என்று சிரித்தார்.

நான் பி.காம். விருத்தாசலத்துக்கு ரயிலில் போய் வந்து படித்த பி.காம். அந்தப் படிப்பில் இன்று வரை மறக்காதது 'குட்வில்' கணக்கு. ஒரு கடையை விற்கும்போது மேஜை, நாற்காலி, சரக்கு எல்லாவற்றுக்கும் விலை போட்ட பிறகு, அந்தக் கடைக்கு ஆட்கள் தேடி வருகிறார்களே, அதற்கும் ஒரு விலை போட வேண்டும். அதுதான் குட்வில். சூப்பர் ப்ராஃபிட் மெத்தட் என்று ஒரு முறை. பரீட்சையில் பத்து மார்க். டாக்டரின் கிளினிக்கைப் பார்த்தபடி அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஒரு மேஜை, ஒரு ஃபேன், எடை பார்க்கும் மிஷின், துருப்பிடித்த ஸ்டவ். பழைய இரும்புக் கடைக்காரர் சேர்த்து மூவாயிரம் தருவார். மீதி எல்லாமே அந்த அலமாரியிலும் அவர் மண்டையிலும் இருந்தது. அலமாரி காலியாகிக்கொண்டிருந்தது.

தெரிந்த முகத்துக்கு மருத்துவத்தில் மதிப்பு உண்டா, அல்லது இது வெறும் ஊர்ப்பாசமா என்று எனக்கும் சந்தேகம் இருந்தது. நார்வேக்காரர்கள் இதை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். 2001 முதல் அங்கே ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி ஒரு குடும்ப டாக்டர் உண்டு. சுமார் 45 லட்சம் பேரின் பதிவுகளை அலசிய ஆய்வு 2021-இல் வெளியானது. ஒரே டாக்டரிடம் பதினைந்து வருடத்துக்கு மேல் காட்டி வந்தவர்களை, டாக்டரோடு ஒரு வருடப் பழக்கமே உள்ளவர்களோடு ஒப்பிட்டார்கள். அவசரமாக ஆஸ்பத்திரியில் சேர்வது 28 சதவீதம் குறைவு. இறப்பு 25 சதவீதம் குறைவு. இதற்கு அந்தப் பழக்கம் ஒன்றுதான் காரணம் என்று இந்த மாதிரி ஆய்வை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் இப்படி ஒரு பலனை ஒரு மாத்திரை காட்டியிருந்தால் அதை விற்க எத்தனை கம்பெனிகள் வரிசையில் நின்றிருக்கும்!

இன்னொருவர் ஜூலியன் டூடர் ஹார்ட். வேல்ஸ் நாட்டில் நிலக்கரிச் சுரங்கக் கிராமம் ஒன்றில் குடும்ப டாக்டராக இருந்தவர். உடம்பு சரியில்லை என்று வருகிறவர்களோடு நிறுத்தாமல், கிராமத்தில் இருக்கிற அத்தனை பேருக்கும் பிரஷர் பார்க்கக் கிளம்பியவர். நல்ல மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் குறைவாகக் கிடைக்கிறது என்று 1971-இல் அவர் எழுதிய கட்டுரையை உலகம் முழுக்க மருத்துவ மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். லண்டனில் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்துகொண்டு எழுதியதல்ல அது, கிராமத்து கிளினிக்கிலிருந்து எழுதியது. அவரை யாரும் 'வெறும்' என்று சொன்னதாகத் தெரியவில்லை.

நம் ஊரில் இந்த 'வெறும்' எங்கிருந்து வந்தது? எங்கள் டாக்டருக்கு முன்னால் ஊரில் இருந்தவர் எல்.எம்.பி. டாக்டர். தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தக் காலத்தில் மருத்துவப் பள்ளியில் படித்து லைசென்ஸ் வாங்கியவர்கள் எல்.எம்.பி., கல்லூரியில் படித்தவர்கள் எம்.பி.பி.எஸ். 1946-இல் வந்த போர் கமிட்டி அறிக்கை, இந்த இரண்டு வகை வேண்டாம், நாட்டுக்கு ஒரே வகை அடிப்படை டாக்டர் போதும், அவர் மக்களோடு இருந்து எல்லாவற்றையும் பார்ப்பவராக இருக்கட்டும் என்றது. அதாவது எம்.பி.பி.எஸ். என்பதே முழு டாக்டர் என்ற எண்ணம். எழுபது, எண்பது வருடத்தில் அந்த 'அடிப்படை' என்பது 'அடிமட்டம்' என்று ஆகிவிட்டது. பிளஸ் டூ முடித்து ஐந்தரை வருடம் படித்தவனைப் பார்த்து, "மேல என்ன பண்ணப் போறே?" என்று கேட்கிற நாடு இது.

அந்தக் கேள்வியைத் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிற ஒரு பெண்ணை அன்றைக்கு அங்கே பார்த்தேன். கம்பவுண்டரின் பேத்தி. தாத்தாவுக்குப் பதிலாக நோட்டுகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்ததே, அந்த 2020-இல் சேர்ந்த முதல் பேட்ச். ஹவுஸ் சர்ஜன் முடிக்கும் கட்டத்தில் இருக்கிறாள். சிரிஞ்ச் கொதிக்க வைத்தவரின் பேத்தி டாக்டர். எனக்குப் பெருமையாக இருந்தது. நானும் அதே கேள்வியைத்தான் கேட்டேன். "மேல என்னம்மா?"

"ஃபேமிலி மெடிசின் மாமா" என்றாள். "நேஷனல் போர்டுல டி.என்.பி. இருக்கு. மூணு வருஷம்."

"இதுக்குத் தனியா மூணு வருஷமா?"

"எங்க ஹாஸ்டல்லயும் இதையேதான் கேட்டுச் சிரிக்கிறாங்க."

பிறகு அவளே விளக்கினாள். குழந்தை, கர்ப்பிணி, கிழவர், மனசு சரியில்லாதவர், கடைசி நாட்களில் இருப்பவர் என்று எல்லோரையும் ஒரே ஆள் பார்க்க வேண்டும். எதைத் தானே பார்க்கலாம், எதை உடனே அனுப்ப வேண்டும் என்பது தெரிய வேண்டும். "தெரியாம அனுப்பினா பணம் போகும், தெரியாம வெச்சிக்கிட்டா உயிர் போகும் மாமா. இதைக் காலேஜ்ல எங்களுக்கு யாரும் சொல்லித் தரலை. எங்களுக்குப் பாடம் எடுத்த எல்லாருமே ஸ்பெஷலிஸ்ட்." வேலூர் சி.எம்.சி. 2006-இல் வேலையில் இருக்கிற டாக்டர்களுக்காகத் தொடங்கிய இரண்டு வருட டிப்ளமோவைப் பற்றியும், கோழிக்கோடு அரசுக் கல்லூரியின் எம்.டி. பற்றியும் சொன்னாள். அமெரிக்காவில் இதை 1969-லேயே தனி ஸ்பெஷாலிட்டியாக ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்றாள்.

இங்கேயும் யாரும் ஒப்புக்கொள்ளாமல் இல்லை. காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. 2010-இல் குடும்ப டாக்டர்கள் தங்களுக்கென்று அகில இந்திய அகாடமி ஒன்றைத் தொடங்கி மனு மேல் மனுவாகக் கொடுத்து வருகிறார்கள். எல்லா மருத்துவக் கல்லூரிகளிலும் இந்தப் பாடத்தைக் கொண்டுவர வேண்டும் என்று 2016-இல் நாடாளுமன்றக் குழுவே பரிந்துரைத்தது. 2019-இல் வந்த தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்திலும் குடும்ப மருத்துவ மேற்படிப்பை ஊக்குவிக்க வேண்டும் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். புதிய எய்ம்ஸ்கள் சிலவற்றில் சமூக மருத்துவத் துறையின் பெயர்ப்பலகையில் குடும்பமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முதலாம் ஆண்டு மாணவர்கள் கிராமத்தில் சில குடும்பங்களைத் தத்தெடுக்க வேண்டும் என்று இப்போது பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் பெரும்பாலான கல்லூரிகளில் குடும்ப மருத்துவத்துக்கென்று தனித் துறை இல்லை. துறை இல்லை என்றால் பேராசிரியர் வேலை இல்லை, பதவி உயர்வு இல்லை. பையன்கள் அங்கே எதற்குப் போவார்கள்?

டாக்டர் என்ன சொல்கிறார் என்று கேட்டேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர், "படிக்கட்டும். ஆனா என்னை மாதிரி ஆகணும்னு படிக்க வேணாம்" என்றார்.

"ஏன் சார்?"

"எனக்கு அப்பா வெச்சிட்டுப் போன வீடு. வெள்ளாத்துப் பாசனத்துல நிலம். அரிசி வீட்டுக்கு வந்துடும். அதனால நான் மூணு ரூபாய்க்கும் பார்த்தேன், அறுபது ரூபாய்க்கும் பார்த்தேன். ஊர்ல என்னைத் தர்மப்பிரபுன்னாங்க. தர்மம் பண்ணது நான் இல்ல, எங்கப்பாவோட நிலம். இந்தப் பொண்ணுக்கு என்ன நிலம் இருக்கு?"

எனக்குச் சுருக்கென்றது. பி.காம். மூளை தானாகக் கணக்குப் போட்டது. ஒரு நாளைக்கு நாற்பது பேர், தலைக்கு அறுபது ரூபாய், 2,400. மாதம் இருபத்தாறு நாள், 62,400. கம்பவுண்டர், உதவிக்கு ஒரு பெண், கரண்ட், பஞ்சு, ஊசி, மருத்துவக் கழிவு எடுக்க வருகிற வண்டிக்கு மாதக் கட்டணம் எல்லாம் போக முப்பதாயிரம் தேறினால் பெரிது. வாடகைக் கட்டடம் என்றால் அதுவும் இல்லை. ஐம்பதிலிருந்து அறுபது ஆக்கியபோது, "டாக்டரும் காசு பார்க்க ஆரம்பிச்சிட்டாரு" என்று ஊர் பேசியதாம். பேசியவர்களில் எங்கள் வீடும் உண்டா என்று கேட்கத் தைரியம் வரவில்லை. அதே வருடம் சென்னையில் ஒரு ஸ்பெஷலிஸ்ட்டுக்கு ஆயிரம் ரூபாய் கட்டி நாலு நிமிடம் பார்த்துவிட்டு வந்தவன் நான். ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

நாம் இரண்டு ரூபாய் டாக்டர்களைக் கும்பிடுகிறோம். வியாசர்பாடி திருவேங்கடம் வீரராகவன் 2020 ஆகஸ்டில் காலமானபோது வடசென்னையே அழுதது. அழ வேண்டியதுதான், அபூர்வமான மனிதர். 'மெர்சல்' படத்தில் விஜய் ஐந்து ரூபாய் டாக்டராக வந்தபோது தியேட்டரில் விசிலடித்தோம். எனக்கு இப்போது தோன்றுவது வேறு. அந்த மகான்களைக் கும்பிடுகிற கையோடு, அவர்களுடைய ஃபீஸையே மற்ற எல்லா டாக்டர்களுக்கும் விலைப்பட்டியலாக ஒட்டிவிட்டோம். உட்கார்ந்து கேட்பது, யோசிப்பது, மாத்திரையை நிறுத்துவது, ஸ்கேன் வேண்டாம் என்பது, இதற்கெல்லாம் நம் மனசில் விலை கிடையாது. ஊசி போட்டால் காசு. படம் எடுத்தால் காசு. ஃபீஸ் குறைவாக இருக்கிற இடத்தில் அந்தக் காசு வேறு வழியாக வர ஆரம்பிக்கும். அனுப்புகிற ஸ்கேனுக்கு, அனுப்புகிற ஆபரேஷனுக்குக் கவர் வரும். எங்கள் டாக்டருக்கும் வந்திருக்கிறது. திருப்பி அனுப்பியிருக்கிறார். நிலம் இருந்ததால் திருப்பி அனுப்ப முடிந்தது என்று அதையும் அவரே சொன்னார்.

வேறு மாற்றங்களும் அவரைப் பாதித்தன. டாக்டர் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்புச் சொன்ன பிறகு, கிளினிக்கில் பிரசவம் பார்ப்பதை விட்டுவிட்டார். அந்தத் தீர்ப்பு தேவையானதுதான், நோயாளிக்கும் ஒரு கதவு வேண்டும். ஆனால் பயந்து ஒதுங்கியவர்களில் முதல் வரிசை இவர் மாதிரி தனி ஆட்கள். 2020 மார்ச்சில் கொரோனா சமயத்தில், போனில் ஆலோசனை சொல்லலாம் என்று மத்திய அரசு வழிமுறைகள் வெளியிட்டபோது விழுந்து விழுந்து சிரித்தாராம். லேண்ட்லைன் வந்த நாளிலிருந்து அவர் அதைத்தானே பண்ணிக்கொண்டிருந்தார்!

இன்றைக்குப் பெண்ணாடத்துக்காரர்களுக்கு ஸ்பெஷலிஸ்ட் பஞ்சம் முன்பு போல இல்லை. சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி 2021-இல் கடலூர் அரசு மருத்துவக் கல்லூரி ஆகிவிட்டது. 2022 ஜனவரியில் அரியலூரிலும் கள்ளக்குறிச்சியிலும் புதுக் கல்லூரிகள் திறந்தாயிற்று. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கிய பிறகு பிரஷர் மாத்திரையும் சுகர் மாத்திரையும் வீட்டுக்கே வருகின்றன. அம்மாவுக்கும் வருகிறது. கொண்டுவந்து தருகிற பெண்ணுக்கு அம்மா காபி போட்டுக் கொடுக்காமல் விடுவதில்லை. டாக்டருக்கும் இதில் சந்தோஷம்தான். "நல்ல திட்டம். மாத்திரை வீடு தேடி வருது. ஆனா வயசாக ஆக அதைக் கூட்டணுமா குறைக்கணுமான்னு பார்க்க ஒருத்தர் வேணும்ல?" என்று மட்டும் கேட்டார்.

எங்கள் நோட்டு கைக்கு வந்தது. மூன்று நோட்டுகளைச் சேர்த்துத் தைத்தது, கனம். அவர் எழுத்து மருந்துக் கடைக்காரருக்கு மட்டும் புரிகிற எழுத்து இல்லை. தெளிவான தமிழும் இங்கிலீஷும் கலந்தது. என் பெயருக்கு நேராக 1988-இல் ஒரு வரி: 'வயிற்று வலி. திங்கட்கிழமை மட்டும். கணக்கு வாத்தியார்.' அப்பா பெயருக்கு நேராக 2016-இல்: 'மாத்திரை விஷயத்தில் இவர் சொல்வதை நம்ப வேண்டாம். மகன் மெட்ராஸில். மனைவியிடம் கேட்க வேண்டும்.'

கம்பவுண்டரின் பேத்தி தயங்கியபடி பின்னால் வந்தாள். "மாமா, தப்பா நினைக்காதீங்க. உங்க வீட்டு நோட்டை ஒரு ராத்திரி நான் படிச்சுப் பார்க்கலாமா? அத்தைகிட்டயும் கேட்டுட்டுதான்." அம்மாவுக்கு ஆட்சேபம் இல்லை. "அவ எடுத்துக் குடுத்த நோட்டுதானே, படிக்கட்டும்" என்றாள்.

மறுநாள் காலை நான் ரயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அவள் நோட்டோடு வந்தாள். தோளில் ஒரு பை.

"மாமா, அத்தைக்குப் போன வருஷம் மாத்திரை மாத்தியிருக்காங்க. அதுக்கப்புறம் நிக்க வெச்சுப் பிரஷர் பார்த்த மாதிரி தெரியலை."

பையிலிருந்து பிரஷர் பார்க்கும் கருவியை எடுத்தாள். அம்மாவை முதலில் கட்டிலில் படுக்கச் சொன்னாள்.